நான்காம் நாளில் வந்த சூரியன்

விவிலியத்தின் முதற் புத்தகமாகிய ஆதியாகமம், இப்போது கத்தோலிக்கர் தொடக்கநூல் என்று வழங்குவது, உலகம் உண்டான வரலாற்றை ஆறு நாள் வேலையாகவும் ஏழாம் நாள் ஓய்வாகவும் வகுத்துச் சொல்லுகிறது. முதல் நாளில் ஒளி. இரண்டாம் நாளில் மேலுள்ள நீரையும் கீழுள்ள நீரையும் பிரித்து நிற்கும் ஆகாயம். மூன்றாம் நாளில் கடல் ஒதுங்கித் தரை தோன்றுதலும், அத்தரையில் புல்லும் பூண்டும் கனிமரமும் முளைத்தலும். நான்காம் நாளில் சூரிய சந்திர நட்சத்திரங்கள். ஐந்தாம் நாளில் மீனினமும் பறவையினமும். ஆறாம் நாளில் கால்நடைகளும் காட்டு விலங்குகளும், எல்லாவற்றுக்கும் முடிவில் ஆணும் பெண்ணுமாக மனிதனும். ஒவ்வொரு நாளும் முடியும்போது மாலையும் காலையும் வந்து போனதாக ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. கூர்ந்து கேட்கும் குழந்தை எதுவாயினும் அதன் மனத்தில் இங்கே ஓர் ஐயம் எழும்: சூரியன் நான்காம் நாளில்தான் உண்டாயிற்று என்றால், முதல் மூன்று நாளும் பொழுது விடிந்ததும் அடைந்ததும் எதைக் கொண்டு?

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையில் ரெட்டியார்சத்திரத்தைக் கடந்து செல்கிறவர்கள், தை மாதத்தில் அவ்வழியே நடந்து போகும் காவடிக் கூட்டத்தையும், கோபிநாத சுவாமி மலையையும், தொலைவில் கருநீலமாய்ப் படுத்திருக்கும் பழனி மலைத்தொடரையும் கண்டிருப்பார்கள். கிறிஸ்தவ சமயமும் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. மதுரையில் 1834-ல் தொடங்கிய அமெரிக்க மிஷன் சில ஆண்டுகளுக்குள்ளேயே திண்டுக்கல்லிலும் நிலைகொண்டது. ஏசு சபைக் குருமார்களோ அதற்கு வெகு காலம் முன்பிருந்தே மதுரை நாட்டில் நடமாடியவர்கள். பெந்தெகொஸ்தே சபைகள் அவர்களுக்கெல்லாம் பின்னால் வந்து, இன்று கிராமங்களில் தகரக் கூரையின் கீழ்க் கூடி ஜெபிக்கின்றன. ஆகவே அந்தக் குழந்தையின் கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடையும் ஒன்றாக இல்லை. மறைக்கல்வி வகுப்பில், அது கடவுளின் வல்லமையைப் போற்றும் பாட்டு போன்றது, அந்த நாளை மணிக்கணக்கில் எண்ண வேண்டியதில்லை என்று சொல்லித் தருகிறார்கள். சபையிலோ, ஒளியை உண்டாக்கியவருக்குச் சூரியனின் உதவி எதற்கு என்று போதகர் திருப்பிக் கேட்கிறார். இருபத்துநான்கு மணி நேரம் கொண்ட ஆறு நாளேதான் என்று அறுதியிட்டும் சொல்லிவிடுகிறார்.

எங்கள் பக்கத்தில் தக்காளியும் முருங்கையும் பயிரிடும் பெரியவர் ஒருவர், சபையில் மூப்பராயிருப்பவர், கத்தோலிக்கரான தம் தங்கை கணவரிடம் இதைப் பற்றி ஒருநாள் வரப்பில் நின்றபடியே வாதாடினார். “மொத ஏட்டையே உவமைன்னு சொல்லிப்புட்டா, அப்பறம் எந்த ஏட்டத்தான் நெசம்னு பிடிச்சுக்கிறது மாப்ள? நாளைக்கிச் சிலுவையும் உவமைன்னுட்டா என்ன பண்ணுவீக?” என்றார் அவர். “உவமைன்னா பொய்யின்னு யாரு மச்சான் சொன்னது? ஊதாரிப் பிள்ளை கதைய ஏசுசாமியே சொன்னாரே, அது எந்த ஊர்ல நடந்துச்சு?” என்று மற்றவர் கேட்டார். கல்லூரிகளிலும் குருமடங்களிலும் நூல் நூலாக எழுதப்பட்டுள்ள விவாதத்தின் உயிர்நிலை இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அதிலும் மூப்பருடைய கேள்வியை அறியாமை என்று தள்ளுபவர்கள் அவருக்கு அநியாயம் செய்கிறார்கள். அவர் காக்க நினைப்பது ஆறு நாட்களை அன்று; அந்த ஆறு நாட்களை முதற்கல்லாக வைத்து எழுந்து நிற்கும் தம் நம்பிக்கை முழுவதையுமே.

முதலில் மூலநூலையே சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆதியாகமத்தில் சிருஷ்டி வரலாறு ஒன்றன்று, இரண்டு. முதல் அதிகாரம் தொடங்கி இரண்டாம் அதிகாரத்தின் முதல் சில வசனங்களோடு ஏழு நாட் கணக்கு முடிகிறது. முடிந்தவுடனே வேறொரு குரல் வேறொரு கதையைத் தொடங்குகிறது. அங்கே நாட் கணக்கே இல்லை. பூமியில் செடியும் பூண்டும் இன்னும் முளைக்கவில்லை என்றும், அதற்குக் காரணம் கடவுள் இன்னும் மழை பெய்விக்காததும் நிலத்தைப் பண்படுத்த மனிதன் இல்லாததுமே என்றும் அக்கதை சொல்லுகிறது. வானம் பார்த்த மானாவாரி நிலத்தில் சோளம் விதைத்துவிட்டு மேகத்தை அண்ணாந்து நோக்கும் எங்கள் பக்கத்துச் சம்சாரிக்கு, மழையும் உழுகிறவனும் இல்லையானால் பயிரும் இல்லை என்னும் அந்தக் காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. அதன்பின் மண்ணிலிருந்து மனிதன் உருவாகிறான். அவனுக்காகத் தோட்டம் நடப்படுகிறது, மரங்கள் முளைக்கின்றன. அவன் தனிமையைப் போக்க விலங்குகளும் பறவைகளும் வருகின்றன. முடிவில் அவன் விலா எலும்பிலிருந்து பெண் தோன்றுகிறாள். முதற் கதையில் மரமும் விலங்கும் முன்னே வர மனிதன் கடைசியில் வருகிறான். இரண்டாம் கதையில் மனிதனே முன்னே வருகிறான். சொல்லுக்குச் சொல் பொருள் கொள்வோர் இரண்டாம் கதையை ஆறாம் நாளின் விரிவுரையாகக் கொண்டு இரண்டையும் இசைவிக்கிறார்கள். உருவகமாகக் கொள்வோரோ, இரு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொகுத்த பழங்காலத்தவருக்கு இந்த வரிசை மாற்றம் கண்ணில் படாமலா இருந்திருக்கும், வரிசையைச் சொல்வது அவர்கள் நோக்கமாயிருந்தால் இப்படியே விட்டிருப்பார்களா என்று கேட்கிறார்கள்.

ஆறு நாட்களின் அமைப்பிலும் நுட்பமான ஒழுங்கு ஒன்று உண்டு. முதல் மூன்று நாட்கள் இடங்களை வகுக்கின்றன, அடுத்த மூன்று நாட்கள் அவ்விடங்களில் குடியேற்றுகின்றன. முதல் நாளின் ஒளிக்கு நான்காம் நாளின் சுடர்களும், இரண்டாம் நாளின் வானுக்கும் நீருக்கும் ஐந்தாம் நாளின் பறவையும் மீனும், மூன்றாம் நாளின் தரைக்கு ஆறாம் நாளின் விலங்கும் மனிதனும் நேர் நிற்கின்றன. வீட்டைக் கட்டி முடித்த பிறகே குடிபுகுவது போன்ற முறை இது. இவ்வாறு பார்க்கையில் சூரியன் நான்காம் நாளில் வருவது முரண்பாடாகத் தோன்றாமல் கட்டுக்கோப்பின் பகுதியாகவே தோன்றுகிறது. அதற்கு மேலும் காரணம் உண்டு. இஸ்ரவேலரைச் சுற்றியிருந்த பாபிலோனியரும் எகிப்தியரும் சூரியனையும் சந்திரனையும் தெய்வங்களாக வணங்கியவர்கள். அவற்றை நான்காம் நாளுக்குத் தள்ளி, காலத்தைக் காட்டும் விளக்குகளாக மட்டும் வைப்பது, அவை தெய்வமல்ல, படைக்கப்பட்ட பொருள்களே என்று அறைந்து சொல்வதாகும். நினிவே நகர இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளிலிருந்து பாபிலோனியரின் படைப்புக் காவியத்தை ஜார்ஜ் ஸ்மித் 1876-ல் வெளியிட்ட பிறகு, யூத நூலாசிரியர் யாரை நோக்கிப் பேசினார் என்பது முன்னிலும் தெளிவாயிற்று.

உருவகப் பொருள் கொள்வது டார்வினுக்கு அஞ்சிப் பாதிரிமார் கண்டுபிடித்த உபாயம் என்று படித்தவர்களிற்கூடப் பலர் எண்ணியிருக்கிறார்கள். அது சரித்திரத்துக்கு ஒவ்வாத எண்ணம். டார்வினின் நூல் 1859-ல் வெளிவந்தது. அதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் கல்வி கற்பித்த ஒரிகென் என்னும் பேரறிஞர், சூரியனும் சந்திரனும் இல்லாமல் மாலையும் காலையும் எப்படி உண்டாகும் என்றும், கடவுள் குடியானவனைப் போல மரம் நட்டார் என்று சொன்னதைச் சொன்னபடியே எந்த அறிவாளி கொள்வான் என்றும் வெளிப்படையாகக் கேட்டார். அவருக்கு மாறாக, நான்காம் நூற்றாண்டில் செசரேயா நகரின் ஆயராயிருந்த பசிலியார், ஆறு நாட் சிருஷ்டியைப் பற்றித் தொழிலாளரும் நிரம்பியிருந்த சபையின் முன் நிகழ்த்திய பிரசங்கங்களில், புல் என்றால் புல்தான், மீன் என்றால் மீன்தான், மறைபொருள் தேட வேண்டாம் என்று சொன்னார். ஆகவே இரு கட்சியும் பழமையானவையே.

இவர்களுக்குப் பின் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்தில் ஆயராயிருந்த அகுஸ்தீனார் (354–430) இப்பொருளைத் தம் வாழ்நாளில் பலமுறை எடுத்து எடுத்து ஆராய்ந்தார். அந்த நாட்கள் நாம் அறிந்த நாட்கள் அல்ல என்றும், கடவுள் யாவற்றையும் ஒருங்கே படைத்தார், ஆறு நாள் என்பது மனித அறிவுக்கு எட்டும்படி வகுத்துச் சொன்ன முறையே என்றும் அவர் கருதினார். அதனினும் முக்கியமானது அவர் விடுத்த எச்சரிக்கை. பூமியைப் பற்றியும் வான்சுடர்களின் கதியைப் பற்றியும் நன்கறிந்த பிறசமயத்தான் ஒருவன், வேதத்தின் பேரால் கிறிஸ்தவன் அவற்றைப் பற்றித் தவறாகப் பேசுவதைக் கேட்டுவிட்டால், தனக்குத் தெரிந்த விஷயத்திலேயே பிழை சொல்லும் இந்நூல் மரித்தோர் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று விலகிப் போவானே என அவர் வருந்தினார். எங்கள் ஊர் மூப்பரின் அச்சமும் அகுஸ்தீனாரின் அச்சமும் ஒரே அச்சந்தான். முதல் ஏட்டைத் தளர்த்தினால் சிலுவை போய்விடுமோ என்று மூப்பர் கலங்குகிறார், முதல் ஏட்டை அறியாமையால் இறுக்கிப் பிடித்தால் உயிர்ப்பு போய்விடுமோ என்று ஆயர் கலங்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினார் இரு வியாக்கியானங்களையும் எடுத்துரைத்து, இரண்டுக்கும் மதிப்பளித்தார்.

தமிழருக்கு இவ்வகை விவாதம் அந்நியமானதன்று. சிவபெருமான் முப்புரங்களை எரித்தார் என்னும் புராணக் கதையைக் கோயிற் சிற்பமாகவும் திருவிழாவாகவும் போற்றி வரும் நம் நாட்டிலேயே, திருமூலர் தம் திருமந்திரத்தில், மூன்று ஊர்களை எரித்தார் என்று சொல்பவர்கள் மூடர்கள், முப்புரமாவது மூன்று மலங்களின் காரியமே என்று கடிந்து உரைக்கிறார். திருமூலரின் சொல்லால் சைவரின் பக்தி குன்றவுமில்லை, திரிபுர தகனச் சிற்பத்தைக் கோயிலிலிருந்து எவரும் அகற்றவுமில்லை. கதையை அனுபவித்தபடியே அதன் தாத்பரியத்தைத் தேடும் பழக்கம் நம் இரத்தத்தில் ஊறியது.

ஐரோப்பாவில் நிலைமை இறுகியது பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகு. வேத வாக்கியமே ஏகப் பிரமாணம் என்று கிளம்பிய லூத்தர், ஆறு நாள் என்றால் ஆறு நாளே என்றார். கால்வினோ, மோசே பாமரர் கண்ணுக்குத் தெரிகிறபடி எழுதினார், வானசாஸ்திரம் கற்க விரும்புவோர் வேறிடம் செல்லட்டும் என்று நிதானமாகச் சொன்னார். 1650-ல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், வேதத்தில் வரும் வம்ச வரலாறுகளையும் அரசர் ஆட்சிக் காலங்களையும் கூட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டதென்று கணித்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஆங்கில விவிலியத்தின் ஓரங்களிலே இந்த ஆண்டுக் கணக்கு அச்சாகி வரவே, அஷரின் கூட்டல் கணக்கும் வேதத்தின் பகுதிதான் என்று எளிய வாசகர் நம்பலாயினர். அந்த நம்பிக்கையோடுதான் மிஷனரிமார் பலர் கப்பலேறி நம் கரைக்கு வந்தார்கள்.

வந்த இடத்தில் அவர்கள் செய்த முதல் காரியங்களுள் ஒன்று, நம்மவருடைய பிரபஞ்சக் கதைகளைச் சோதித்தது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823-ல் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷனரி டானியல் பூர், 1829 மார்ச்சில் நிகழ இருந்த சந்திர கிரகணத்தைத் தம் முறையில் கணித்து, உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிதரின் கணிப்போடு அது வேறுபடுவதைக் காட்டி, எது சரி என்று வானத்தைப் பார்த்தே தீர்மானிக்கும்படி ஊராரை அழைத்தார். கிரகணத்தின் நேரம் அவர் கணக்கோடு பொருந்தியது மிஷனரிகளுக்குப் பெரிய வெற்றியாயிற்று. மேருவையும் ஏழு கடலையும் சொல்லும் புராணங்கள் பொய் என்பதற்கு அதை அவர்கள் சான்றாக்கினார்கள். உண்மையில் நம் பஞ்சாங்கக் கணிதம் வேறு, புராண பூகோளம் வேறு. ஒன்றன் பிழைக்கு மற்றதைத் தண்டித்தது நியாயமன்று. அதே டானியல் பூர் பிறகு மதுரைக்கு வந்து, 1841 வரையில் அங்கே பள்ளிகளை நடத்தினார். புராணத்தைச் சோதித்த அளவுகோல் நாளடைவில் ஆதியாகமத்தின் மேலும் வைக்கப்பட்டே தீரும் என்று அக்காலத்தில் எத்தனை பேர் எண்ணினார்களோ! 1882 முதல் 1888 வரை சென்னையில் ‘தத்துவவிவேசினி’ என்னும் தமிழ் ஏட்டை நடத்திய சுயசிந்தனைக் குழுவினர், புராணங்களையும் கிறிஸ்தவ வேதத்தையும் வேறுபாடின்றி ஒரே தராசில் நிறுத்தார்கள்.

இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஏற்காட்டோடு சம்பந்தப்பட்ட குடும்பம் ஒன்று. பீட்டர் பெர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தியவர். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கி 1850-ல் வெளியிட்டவர். பின்னர்ச் சென்னை ராஜதானிக் கல்லூரியில் பேராசிரியராயிருந்தவர். சிருஷ்டி வரலாற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நாவலரோடு அமர்ந்து வாக்கியம் வாக்கியமாக ஆராய்ந்த அப்பாதிரியாரின் மகளை மணந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர். இந்த ஃபூட்தான் 1863 மே 30-ஆம் தேதி, சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழியில், மனிதன் கையால் செதுக்கிய கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் அக்கல், இந்திய நாட்டில் மனிதனின் தொன்மையை அஷரின் ஆறாயிரம் ஆண்டுகளுக்குள் அடைக்க முடியாதென்று அறிவித்துவிட்டது. அதே ஆண்டில் அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகளைக் கண்டார்கள். சாந்தி பப்புவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அங்கே அகழ்ந்தெடுத்தவற்றின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள். மாமனாரும் மருமகனும் ஒருவர் வேலையை மற்றவர் பகையாகக் கருதியதற்கு அடையாளம் ஏதும் என் கண்ணில் பட்டதில்லை. பெர்சிவல் 1882-ல் ஏற்காட்டில் காலமானார்; ஃபூட்டும் பின்னாளில் ஏற்காட்டையே தம் இருப்பிடமாக்கிக்கொண்டார்; அவர் நினைவுச் சின்னம் அவ்வூர்த் திருத்துவ ஆலயத்தில் இருக்கிறது.

எங்கள் மலைக்கே திரும்பினால், இதே சமரசத்தைச் செண்பகனூரில் காணலாம். கொடைக்கானலை அடுத்த அவ்வூரில் ஏசு சபையார் 1895-ல் நிறுவிய திருஇருதயக் கல்லூரி, குருக்களாகப் போகிறவர்களைப் பயிற்றுவதற்காக ஏற்பட்டது. ஆயினும் அங்கே செடி கொடிகளையும் பூச்சிகளையும் பாம்புகளையும் சேர்த்து வைத்த காட்சிசாலையும், ஆர்க்கிட் செடிகளுக்கென்று தனிக் கூடமும் ஏற்பட்டன. அங்கிருந்த ஆங்லாத் பாதிரியார் நியூட்டன் பாதிரியாரோடு சேர்ந்து பழனி மலையின் கற்திட்டைகளை அளந்து வரைந்து எழுதிய நூலைத் தொல்பொருள் துறை 1928-ல் வெளியிட்டது. அவர்களுக்குப் பின்வந்த கே. எம். மாத்யூ பாதிரியார் (1930–2004), திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரச் சாலையை உருவாக்கி, தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிப் பெரிய தொகுதிகளை எழுதி, 1999-ல் பழனி மலைத் தாவரங்களையும் மூன்று பாகங்களில் வெளியிட்டார். காலையில் பூசை வைத்துவிட்டுப் பகலெல்லாம் பூவின் இதழையும் சூலையும் எண்ணும் குருவுக்கு, மூன்றாம் நாளின் புல்லும் பூண்டும் எத்தனை ஆண்டில் உண்டாயின என்பது நம்பிக்கையை அசைக்கும் கேள்வியாக இருந்திருக்க இடமில்லை. சிறுமலையிலும் பழனி மலையிலும் உள்ள சார்னகைட் முதலிய பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறி 50 கோடி ஆண்டுக்கு மேலாயிற்று என்று நிலவியலார் சொல்லுகிறார்கள். பூமியின் வயதோ ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. இவர்கள் சார்ந்திருந்த திருச்சபையும் படிப்படியாக வழிவிட்டே வந்திருந்தது. 1909-ல் ரோமையின் விவிலியக் குழு, முதல் மூன்று அதிகாரங்களின் வரலாற்றுத் தன்மையைக் கைவிடலாகாதென்று கண்டித்தபோதிலும், நாள் என்பதை நீண்ட காலமாகக் கொள்ளத் தடையில்லை என்றது. 1943-ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர், பழைய நூல்களை அவற்றின் இலக்கிய வகை அறிந்து படிக்க வேண்டும் என்று எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் அதையே உறுதி செய்தது.

ஆயினும் ஆறு நாளை விடமாட்டோம் என்போரிடம் வலுவான ஆதாரம் ஒன்று உண்டு, அதை மறைப்பது முறையன்று. யாத்திராகமத்தின் பத்துக் கட்டளைகளில், ஏழாம் நாளில் நீயும் உன் வேலைக்காரனும் உன் மிருகஜீவனும் ஓய்ந்திருக்க வேண்டும் என்ற கட்டளைக்குக் காரணமாக, கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தது சொல்லப்படுகிறது; நம் வாரமும் அந்த வாரமும் ஒன்றாயிருந்தாலன்றி அக்காரணம் நிற்காது என்பது அவர்கள் வாதம். தென் தமிழ்நாட்டு நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றிய ஏழாம் நாள் அட்வெந்து சபையார், சனிக்கிழமையை ஓய்வு நாளாக ஆசரிக்கிறவர்கள். அவர்களுக்கு ஆறு நாட் கணக்கு நடைமுறை வாழ்க்கையின் அச்சாணி. அமெரிக்காவில் 1961-ல் விட்கோம்பும் மாரிஸும் வெளியிட்ட ஜலப்பிரளய நூல், பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டே என்னும் இளம்பூமிக் கொள்கைக்குப் புத்துயிர் கொடுத்தபோது, அதன் கருத்துகள் பெரும்பாலும் பிரைஸ் என்னும் அட்வெந்து சபை எழுத்தாளரிடமிருந்து வந்தவை என்பதை நோக்க, இந்தத் தொடர்பு தற்செயலானதாகத் தோன்றவில்லை. இதற்கு மறுமொழியாக உருவகக் கட்சியார் காட்டுவது உபாகமத்தை. அங்கே அதே கட்டளைக்கு, நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை என்னும் வேறு காரணம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரே கட்டளைக்கு இரண்டு காரணம் சொல்லத் தயங்காத நூல், ஒரே சிருஷ்டியை இரண்டு விதமாகச் சொல்லவும் தயங்கவில்லை என்கிறார்கள். எனக்கு இம்மறுமொழியே பொருத்தமாகப் படுகிறது.

ஆறு நாட் பிரச்சினையைவிடக் கடினமானது ஆதாமின் பிரச்சினை. ஒரே மனிதனால் பாவம் உலகில் வந்தது, ஒரே மனிதராகிய கிறிஸ்துவால் மீட்பு வந்தது என்று பவுல் அப்போஸ்தலர் இருவரையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுகிறார். அந்த எதிர்நிலையில் ஒரு பக்கம் மட்டும் உருவகமாக இருக்க முடியுமா என்று மூப்பர் கேட்டால், அவர் மாப்பிள்ளையால் ஊதாரிப் பிள்ளை கதையைச் சொல்லித் தப்பிக்க இயலாது. 1950-ல் அதே பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதிய சுற்றுமடலில், மனித உடல் பழைய உயிரினத்திலிருந்து தோன்றியதா என்று கற்றோர் ஆராயலாம், ஆன்மாவை மட்டும் கடவுள் நேரே படைக்கிறார் என்று அனுமதித்த கையோடு, மனித குலம் பல முதற்பெற்றோரிடமிருந்து வந்தது என்ற கொள்கையை ஏற்க விசுவாசிகளுக்குச் சுதந்தரமில்லை என்றும், ஜென்ம பாவ உபதேசத்தோடு அது எப்படி இசையும் என்று தெரியவில்லை என்றும் நிறுத்திக்கொண்டார். இன்றைய மரபணுவியலாரோ, மனித இனத்தின் முன்னோர் எக்காலத்திலும் இரண்டே பேராகச் சுருங்கியிருந்ததில்லை, ஆயிரக்கணக்கானவர்களாகவே இருந்தார்கள் என்கிறார்கள். முதல் அதிகாரத்தை உருவகமாகக் கொள்ளத் துணிந்த இறையியலார், ஆதாமின் வீழ்ச்சியைச் சொல்லும் மூன்றாம் அதிகாரத்தின் முன் இன்னும் தயங்கித்தான் நிற்கிறார்கள். ஆதாம் என்பது மனித குலத்தின் பொதுப்பெயர் என்பாரும், பெருங்கூட்டத்தில் கடவுள் தெரிந்தெடுத்த முதல்வன் என்பாரும், வரலாற்றில் வாழ்ந்த தனி மனிதனே என்பாரும் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். மூப்பர் வரப்பில் நின்று கேட்ட கேள்விக்கு அவர்கள் இன்னும் விடை தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.